என் லேப்டாப்பில் ஓடும்

பெங்களூரில், புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்துவோர் மாநாட்டில் ஒரு பேராசிரியரைப் பார்த்தேன். பழைய மாநாடுகளின் அடையாள அட்டைகளையெல்லாம் பூம்பூம் மாடு மாதிரி கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பேசும்போது அவற்றை நீவிக்கொண்டே இருப்பார்.

“யாரோட கம்ப்யூட்டர்ல ஓட்டினாலும் அதே விடை வரணும். இல்லேன்னா அது ஆராய்ச்சியே இல்ல!” என்று மேடையில் முழங்கினார். உடனே அரங்கத்துக் கணினியில் தன் நிரலை ஓட்டிக்காட்டப் போனார். ஓடவில்லை. அது அவருடைய சொந்த லேப்டாப்பில் மட்டுமே இருக்கும் ஃபோல்டரைத் தேடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். “ஃபோல்டர் பாதையை மாத்தியிருந்தா ஓடியிருக்குமே சார்?” என்றேன்.

“என் லேப்டாப்ல நல்லாத்தானே ஓடுது? இவங்க கம்ப்யூட்டர் சரியில்ல. சும்மா என் டைம் வேஸ்ட்,” என்றார், அட்டைகளை நீவியபடி.

அவர் ஆராய்ச்சியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை மேடையில் அவரே சொல்லிவிட்டார்.