தப்பான டேக்குகளில் மட்டும் பேசிய ஜெபராஜ் அண்ணன்

ஜெபராஜ் அண்ணன் இன்று காலை போய்விட்டார்.

எங்கள் தாளவாத்தியக் குழுவின் இரண்டு ஆல்பங்களையும் ரெக்கார்டிங் செய்தவர். நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டதாம்... நாளை காலை பத்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அடக்கம்.

நிதானமாக அஞ்சலி எழுதும் நிலையில் நான் இல்லை. காலையிலிருந்து ஒரே பதற்றம். ராஜபாளையத்தில் வீட்டில் உட்கார்ந்து பழைய ஃபோல்டர்களைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அவர் மகள் ஷைனி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஊருக்குக் கிளம்பும்போது எனக்கு ஃபோன் செய்தாள். நேற்று சாயங்காலம் அப்பா கூப்பிட்டிருக்கிறார். மீட்டிங்கில் இருந்ததால் அவள் எடுக்கவில்லை. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

"அக்கா, உங்க ரெக்கார்டிங்ல எங்கயாச்சும் அப்பா குரல் கெடக்கா? எங்கிட்ட ஒண்ணுமே இல்லக்கா."

நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அண்ணன் அப்படித்தான். வாய்ஸ் மெசேஜ் அனுப்பவே மாட்டார். வீட்டு விசேஷங்களில் வீடியோ எடுப்பதும் அவர்தான், ஆனால் ரெக்கார்டிங் ஓடும்போது வாய் திறக்காத பழக்கம் வீட்டிலும் விடவில்லை.

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். 

முதல் நாள் ஞாபகம் வருகிறது. நான் மிருதங்கம். முத்துக்குமார் கஞ்சிராவும் கடமும். பாட்டு கிடையாது, வயலின் கிடையாது. பதினோரு அட்சரத் தாளத்தில் நாங்களே அமைத்த இருபது நிமிட உருப்படி.

அண்ணன் பாதி வரை பொறுமையாகக் கேட்டார். நாங்கள் நிறுத்தியதும், பாட்டு எப்போது வரும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வராது என்றோம். தலையை ஆட்டிவிட்டு ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டார்... ஒரே மாதத்தில் விரலில் பதினொன்று எண்ணி, முத்துக்குமார் எந்த இடத்தில் இழுக்கிறான் என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய மாடி ஸ்டூடியோவின் சுவர்களில், ஆஸ்பத்திரிப் பஞ்சைத் துணிக்குள் திணித்து அடித்திருந்தார். எங்கள் ராஜபாளையத்துச் சரக்குதான். வெளிச் சத்தம் எல்லாம் அதில் அடங்கிவிடும், ஒன்றைத் தவிர. கீழே பால்கோவா கடை. சட்டியில் கரண்டி சுரண்டும் சத்தம் மைக்கில் ஏறிவிடும். எங்கள் தாளத்தில் சேராத ஒரு தாளம்!

அண்ணன் இறங்கிப் போய்க் கேட்பார். கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும் என்று மாஸ்டர் விரட்டிவிடுவார். ஒரு சட்டி இறங்கி மறு சட்டி ஏறும் வரைதான் எங்களுக்கு நேரம். ஃபேனும் போடக்கூடாது. வேர்வையில் கை வழுக்கும். அந்த அவசரத்தில் தப்பு வராமல் என்ன செய்யும்?

ஒரு டேக், அதாவது ஒரு முறை வாசித்துப் பதிவது, நன்றாகப் போனால் அண்ணன் ஒரு வார்த்தை பேச மாட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டை விரலைக் காட்டுவார், அவ்வளவுதான். தப்பு விழுந்தால்தான் கதவைத் திறந்துகொண்டு வந்து பேசுவார். மைக் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதாவது... அவர் குரல் தப்பான டேக்குகளில் மட்டும்தான் இருந்தது.

அந்த டேக்குகளை எல்லாம் அழிக்கச் சொன்னவள் நான்.

உருப்படியை முடித்துவைக்கும் கடைசித் தீர்மானத்தில் நான்கு முறை அரை அட்சரம் முந்தி விழுந்தேன். அது வெளியே யார் காதுக்காவது போய்விட்டால்? பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு நிற்காது என்று சொல்லக் காத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

"இருந்துட்டுப் போகட்டுமேம்மா, டிஸ்க்ல எடமா இல்ல?" என்றார் அண்ணன். நான் ஒற்றைக்காலில் நின்றேன். என் கண் முன்னாலேயே ட்ராஷையும் காலி செய்ய வைத்தேன். இரண்டு ஆல்பத்துக்கும் அப்படித்தான்.

இதை ஷைனியிடம் எப்படிச் சொல்வது?

மதியம் வத்திராயிருப்பில் இருக்கும் முத்துக்குமாருக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.  திட்டக்கூடாது என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டான். டேக்குகளை அழித்த அன்று, அதற்கு முன் நான் முகம் கழுவப் போன நேரத்தில் ஒரு டேக்கின் கடைசித் துண்டைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டானாம்.

"உன்னைய என்னைக்காச்சும் ஓட்டுறதுக்குத்தான் வச்சிருந்தேன். பொறவு மறந்தே போச்சு."

வேறு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். இன்று அழுகைதான் வந்தது.

பென் டிரைவ் அவன் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. தெரிந்த கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினான். அங்கேயும் முதலில் திறக்கவில்லை... அவன் வாட்ஸப்பில் அனுப்புவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நாற்பது வினாடி. நான் முந்தி விழுவது யாருக்கும் நன்றாகவே கேட்கும். கதவு திறக்கும் சத்தம். பிறகு அண்ணன்.

"பரவால்லம்மா. செத்த நேரம் இரு. தண்ணி குடி. நான் இங்கனதான இருக்கேன்."

அவ்வளவுதான்.

என் தப்பை வெட்டிவிட்டு அவர் குரலை மட்டும் அனுப்பலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். யோசித்ததற்கே வெட்கமாக இருந்தது. முழுசாக ஷைனிக்கு அனுப்பிவிட்டேன்.

அதே ஃபைலை இங்கேயும் இணைத்திருக்கிறேன். அவரிடம் ரெக்கார்டிங் செய்த நண்பர்களே, உங்களிடம் தப்பான டேக் ஏதாவது மிச்சம் இருந்தால் அப்படியே அனுப்புங்கள். அழித்த ஃபைலை மீட்கத் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், ப்ளீஸ்...

இதை டைப் செய்துகொண்டிருக்கும்போதே பஸ்ஸிலிருந்து ஷைனியின் மெசேஜ்.

"கேட்டுக்கிட்டே வாரேன்க்கா. வேற இருக்கா?"

இன்னும் பதில் போடவில்லை.

போயிட்டு வாங்கண்ணே.