அவள் வருவதற்குள் ஓர் இரும்பு அடுப்பு

குவைத்திலிருந்து என் மனைவி போனில் சொன்னது இரண்டு செய்தி. முதலாவது, பதினோரு வருஷ வீட்டு வேலையை முடித்துக்கொண்டு மார்கழியில் வருகிறாள். அதைக் கேட்டதும் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வாசலில் இறங்கி ஒரு சுற்று ஆடிவிட்டு வந்தேன். திரும்பப் போனை எடுத்தபோது இரண்டாவதைச் சொன்னாள்.

"ரெண்டு மாசம் இருந்து பாக்குறேங்க. ஒத்துக்கலன்னா திரும்பி வந்துருவேன். மேடம் எனக்குப் பதிலா வேற ஆள் வைக்கலையாம். நம்ம ஊருக் குளிர நினைச்சாலே எலும்பு நடுங்குது."

இடையில் இரண்டு முறை வந்திருக்கிறாள், இரண்டும் சித்திரை வெயிலில். நமுனுகுல மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து மார்கழியை அவள் பார்த்துப் பதினோரு வருஷம். காயப்போட்ட துணி மூன்றாம் நாளும் சொட்டும். பகல் பன்னிரண்டு மணிக்கும் பனிமூட்டம் ஜன்னலில் வந்து நிற்கும்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். குளிர்தான் எதிரி என்றால் குளிரை விரட்டினால் போதும், பெண்டாட்டி தங்கிவிடுவாள். ஒரே மகளையும் ஹட்டனில் கட்டிக்கொடுத்தபின் தனியாகச் சோறு வடித்துத் தின்றவனுக்கு இதைவிடச் சுலபமான வழியை யார் காட்டுவார்கள்?

நாங்கள் இருப்பது தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து அறையில் அல்ல, தோட்டத்துக் கிளாக்கர்கள் ஒரு காலத்தில் குடியிருந்த பழைய குவாட்டர்ஸில். முன்னறைச் சுவரில் வெள்ளைக்காரன் காலத்துக் கணப்பு ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்து அதில் நெருப்பு எரிந்ததே இல்லை. எங்கள் வீட்டில் அது கோழி அடைகாக்கும் இடம்.

பக்கத்து வீட்டில் கொத்து வேலை செய்கிற மேசனிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது இளையவன், எதையும் மூன்று தரம் அளந்து பார்க்கிற ஆள். பெரகல பக்கம் ஒரு பங்களாவை விடுதியாக மாற்றும் வேலையில் அப்போது இருந்தான்.

"சும்மா கணப்புல மூட்டினா சூடு பூராவும் புகைக்கூண்டு வழியா மேல போயிரும்ண்ணே. அந்தப் பங்களாவுல ஒரு இரும்புப் பெட்டியக் கழட்டிப் போட்டிருக்காங்க. கணப்புக்குள்ள அப்படியே தள்ளி வைக்கிறது. கண்ணாடிக் கதவு இருக்கு. கதவ மூடிட்டா நின்னு நிதானமா எரியும், பெட்டி சூடாகி ரூமும் சூடாகும். வேணுமான்னு கேட்டாங்க."

வேணுமா என்று கேட்பானேன்! மறுநாளே லொறியில் வந்து இறங்கியது. நாலு பேர் தூக்கியும் வாசற்படியில் ஒருமுறை என் காலைப் பதம் பார்த்தது. கூடவே ஒரு புத்தகமும் வந்தது. மேசன் எழுத்துக்கூட்டி அதை முதல் பக்கத்திலிருந்து படித்தான்.

"அண்ணே, குறுக்கே கோடு போட்ட படமாவே இருக்கு. எல்லாம் செய்யாதேங்கிற படம்."

"அப்ப செய்யுங்கிற படத்த மட்டும் பாரு தம்பி" என்றேன். என் அவசரம் எனக்கு.

கோழியை மூலைக்கூடைக்குக் குடிமாற்றினோம். அது என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. புகைக்கூண்டுக்குள் கயிற்றில் தூரிகை கட்டி மேலும் கீழும் இழுத்தபோது குருவிக்கூடு இரண்டும், காய்ந்த தேன்கூடு ஒன்றும், பந்தடிக்கிற பையன்கள் தொலைத்த டென்னிஸ் பந்து மூன்றும் விழுந்தன. பதுளை பஜாரில் எவர்சில்வர் தகட்டில் ஒரு நீளக் குழாய் அடிக்கச் சொன்னோம். பெட்டியின் கழுத்திலிருந்து கூண்டின் உச்சி வரை அது போகவேண்டும், இல்லாவிட்டால் புகை பழைய செங்கல் வெடிப்புகளில் புகுந்து கூரை மரத்தைத் தேடிப் போகும் என்றான் மேசன். உச்சியில் கம்பிவலை போட்ட மூடி வைத்தோம். பெட்டிக்கு முன்னால் தரையில் கருங்கல் பலகை பதித்தான். கணப்புக்கு மேலிருந்த மரத்தட்டைக் கழற்றச் சொன்னான். எங்கள் கல்யாணப் போட்டோ வைக்க அழகான இடம், கழற்றமாட்டேன் என்று நான் சண்டை போட்டேன். பெட்டிக்குப் புதுசாகக் கறுப்புச் சாயமும் அடித்தோம்.

இதற்கிடையில் நாள்தோறும் அவள் வீடியோவில் வருவாள். அடுப்பு அவள் கண்ணில் படாதபடி நான் எதிர்ச்சுவருக்கு முதுகைக் காட்டி, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு பேசுவேன்.

"கழுத்துல சுளுக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். ஆமாம் என்றேன். தைலம் அனுப்பவா என்றாள். சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் வருவதற்கு முதல்நாள் காலையில் வெள்ளோட்டம். முதல் இரண்டு மூன்று தரம் சின்ன நெருப்பாக மூட்டி, சாயத்தை மெல்லப் பதப்படுத்த வேண்டும் என்று புத்தகம் சொல்வதாக மேசன் சொன்னான். என் வாழ்க்கையிலேயே யாரும் எனக்கு நெருப்பைப் பற்றிப் பாடம் சொன்னதில்லை. மூடப்படும்வரை, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்துத் தேயிலை ஆலையில் கொழுந்து காயவைக்கும் பெரிய அடுப்புக்கு இருபத்திரண்டு வருஷம் விறகு போட்டவன் நான். "நீ போயி குழாய் உச்சியப் பாரு" என்று அவனை வெளியே அனுப்பினேன்.

பெட்டி நிறைய, கழுத்து வரை அடைத்தேன். அடியில் கவாத்து வெட்டிக் காய்ந்த தேயிலைக் குச்சி, மேலே பட்டுப்போன சவுக்கு மரத்தின் காய்ந்த விறகு. காற்று விடும் பிடியை முழுசாகத் திறந்தேன். பற்றவைத்ததும் 'ஹோ' என்று இரைந்தது பாருங்கள்! ஸ்டோரில் அந்தச் சத்தம் வந்தால்தான் நாங்கள் உட்காருவோம். கேட்டு எத்தனை நாளாயிற்று! கண்ணை மூடி ரசித்தேன்.

கண்ணைத் திறந்தபோது பெட்டியின் கழுத்து சிவந்திருந்தது. புதுச்சாயம் புகைந்து அறை முழுக்க நாறியது. மேலே மரத்தட்டின் விளிம்பு பழுப்பாகிக்கொண்டிருந்தது.

"அண்ணே! உச்சியில தீப்பொறி பறக்குது!" வெளியே மேசன் கத்தினான்.

பிடியைச் சட்டென்று மூடினேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டு நானும் ஓடினேன். இரைச்சல் அடங்கும்வரை வாசலில் நின்று இரண்டு பேரும் கூரையையே பார்த்தோம். நல்லவேளை, கூண்டைச் சுத்தமாக உரசியிருந்தோம். பழைய கரி இருந்திருந்தால் அவள் வந்து இறங்க வீடே இருந்திருக்காது.

மேசன் நிதானமாகச் சொன்னான்: "அண்ணே, நாளைக்கு வர்றது அக்கா ஒருத்தவங்க. ஆயிரம் கிலோ கொழுந்து இல்ல."

வெட்கம் பிடுங்கித் தின்றது. மரத்தட்டை நானே கழற்றினேன். மத்தியானம் இரண்டு மூன்று தரம் சின்ன நெருப்பு மூட்டிப் பழகினேன். மூன்றே விறகு, அளவாகக் காற்று. கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு சத்தமில்லாமல் ஆடியது. அத்தனை அமைதியான நெருப்பை அதுவரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் பதுளை பஸ் ஸ்டாண்டில் மழைக்குள் இறங்கினாள். இரண்டு ஸ்வெட்டர், தலையில் துண்டு. என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை, "ஐயோ குளிருதே!" ஆட்டோவில் மலையேறும் வழியெல்லாம் அவள் பல் தந்தியடித்தது. நான் மட்டும் பைத்தியக்காரன் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தேன்.

முன்னறையில் நெருப்பைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். கையை நீட்டிப் பார்த்தாள். ஸ்வெட்டர் ஒன்றைக் கழற்றினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே ஜன்னலெல்லாம் சாத்தி, கதவிடுக்கில் பழைய சேலையைச் சுருட்டி அடைக்க ஆரம்பித்தாள். லயத்தில் பிறந்த யாரும் பனிக்காலத்தில் செய்கிற முதல் வேலை அது. நான் பின்னாலேயே போய் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்தேன். அவள் மூடினாள். நான் திறந்தேன்.

"குளிருக்கு அடுப்பு போட்டுட்டு ஜன்னலத் தெறக்குறீங்களே, புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"நெருப்பும் மூச்சு விடணும் புள்ள. அடைச்சு வச்சா புகை திரும்பி வரும். வாசமே இல்லாத விஷக்காத்தும் வரும். தூங்குனவங்க எந்திரிக்கவே மாட்டாங்க."

சுவரில் நான் மாட்டியிருந்த சின்ன வெள்ளைக் கருவியை அப்போதுதான் கண்டாள். அவள் முகம் மாறியது. "அது என்னா, கேமராவா?"

"இல்ல புள்ள. அந்த விஷக்காத்து வந்தா கத்துற மிஷின்."

"மேடம் வீட்டுல குசினியிலகூட கேமரா இருக்கும்" என்றாள். கருங்கல் பலகைக்கு இந்தப் பக்கம் பாய் விரித்து உட்கார்ந்தாள். நெருப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "குளிர்னு சொன்னது பாதிதாங்க நெசம். பதினோரு வருஷமா, ரெண்டு லீவு போக, உங்கள போன்லதான் தெரியும். ஒரே வீட்டுல இருக்கத் தெரியுமான்னு பயமா இருந்துச்சு."

இந்தப் பயத்துக்கு எந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைப்பது? "எனக்கும்தான்" என்று மட்டும் சொன்னேன். அந்த இரண்டு மாசக் கெடு அப்படியே நின்றது.

காலையில் மழை விட்டிருந்தது. சாம்பலை மூடிபோட்ட இரும்பு வாளியில் அள்ளி வெளியே வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். போன வாரம் வெட்டிய சவுக்கு விறகு அங்கே குவிந்து கிடந்தது. அவள் ஒரு துண்டை எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஈரமா இருக்கே. இன்னிக்கு எரிக்கலாமா?"

"ஆகாது. பச்ச விறகு போட்டா குழாயில கரி புடிச்சு, ஒருநாள் அதுவே தீப்புடிச்சிரும். ஒரு வருஷமாச்சும் காயணும்."

"அப்ப அடுத்த மார்கழிக்குத்தான் ஆகும்?"

"ஆமா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு விறகுக் கொட்டகைக்குள் குனிந்து, காற்றுப் போக இடம் விட்டு ஒவ்வொரு துண்டாக அடுக்க ஆரம்பித்தாள். இரண்டு வரிசை அடுக்கி நிமிர்ந்தாள்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? போயி கோடாலிய எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேருக்கு இது எந்த மூலைக்கு?"

கோடாலியைத் தேடி வீட்டை இரண்டு முறை சுற்றி வந்தேன். கண் நிறையத் தண்ணீர். கோடாலி அவள் பக்கத்திலேயே கட்டையில் குத்தி நின்றது என் கண்ணுக்குத் தெரியவில்லை.