கச்சான் காற்றும் கள்ளத்தொண்டையும்

மற்ற ஊர்களில் லாரிக்கு எமன் எதிரே வருவான். எங்கள் கரையில் பக்கவாட்டில் வருவான், ஹாரன்கூட அடிக்க மாட்டான்.

மண்டபத்தில் ஒரு லாரி ஆபீஸில் போன் எடுப்பது என் வேலை. வயது பத்தொன்பது. யார் பேசினாலும் அரை நிமிடத்தில் அவர் குரல் என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை வெளியே விடாவிட்டால் எனக்கு அன்று சோறு இறங்காது. செய்யாத தப்புக்குப் போனில் திட்டு வாங்கும் சக பாவிகளே, உங்களுக்கு ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது தரமாட்டேன். காற்று அடங்கும்வரை பாலத்துக்கு முன்னால் வண்டிகள் காத்துக் கிடக்கவில்லையா? நீங்களும் கொஞ்சம் ஓரம் கட்டுங்கள்.

ஜன்னல்

ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பிவிட்டால் பாம்பன் பாலத்தில் தார்ப்பாய் போர்த்திய எங்கள் கூண்டு லாரிகள் ஆமைதான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். யாரையும் முந்தக் கூடாது. முன்னே போகும் பஸ் விலகினால், அதுவரை அது மறைத்திருந்த காற்று மொத்தமாக வந்து அறையும்.

இதெல்லாம் ராமேஸ்வரத்தில் காலி மீன் பெட்டிக்குக் காத்திருந்த மீன் கம்பெனி மேனேஜருக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை கூப்பிட்டார். என் குரலில் சொன்னேன், கேட்கவில்லை. கடைசியில் எங்கள் டிரைவரின் கரகரப்பில், "சார், காத்து ஆளையே தள்ளுது சார்" என்று அழாத குறையாகச் சொன்னேன். மனிதர் பரிவோடு யோசனை சொன்னார்: "காத்துன்னா ஜன்னலச் சாத்திட்டு ஓட்ட வேண்டியதுதானப்பா!"

கதவு

காற்றுக்கு முதுகைக் காட்டி லாரியை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கதவைத் திறக்கக் கூடாது. புதிதாய்ச் சேர்ந்த டிரைவர் இரண்டையும் செய்தார். எங்கள் முதலாளி ஹமீது காக்கா வாசலுக்கு வந்தார் (எங்கள் கரையில் காக்கா என்றால் அண்ணன்). அவர் மூன்று முறை கனைத்துவிட்டுத்தான் திட்ட ஆரம்பிப்பார். மூன்றாவது கனைப்புக்கு முன்பே புது டிரைவர் முந்திக்கொண்டார்: "காக்கா, வண்டிக்கு ஒண்ணும் ஆகல. கதவு மட்டும் கொஞ்சம் முன்னாடி போயிருச்சு."

தார்ப்பாய்

மேனேஜரிடம் நான் கடன் வாங்கிப் பேசிய கரகரப்பு முனியாண்டி அண்ணனுடையது. திருவாடானைக்காரர், காக்காவிடம் இருபது வருஷமாக ஓட்டுகிறார். ஒருநாள் நார் மூட்டை ஏற்றியதும் லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, லோடுமேன் குரலில் "கட்டியாச்சுண்ணே, ரைட்டு!" என்று கத்தினேன். அண்ணன் கிளப்பவில்லை. வழக்கம்போல இறங்கி வந்து, ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்த்தார். பின் மூலையில் ஒன்று தொங்கியது. அந்த மூலைக்குள் கச்சான் புகுந்தால் தார்ப்பாய் வண்டியையே இழுக்கும். நான் ஒளிந்த இடத்திலிருந்து வெளியே வந்தேன். அண்ணன் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னார்: "ஏம்மா, இதே மாதிரி காத்தையும் ஏமாத்திரு பாப்போம், நான் இங்கன உக்காந்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை முனியாண்டி அண்ணன் ராமேஸ்வரத்தில் சரக்கை இறக்கிவிட்டுக் காலிக் கூண்டோடு திரும்பிக்கொண்டிருந்தார். காற்றின் கணக்கில் காலிக் கூண்டு லாரியே இல்லை, பாய்மரம். மற்ற நாளென்றால் அவரே ஓரம் கட்டியிருப்பார். அன்று நாலு மணிக்கு அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

பாலம் தாண்டி வந்த பஸ் டிரைவர் எங்கள் வாசலில் இறங்கித் தண்ணீர் கேட்டார். "ஆளு நெறஞ்ச பஸ்ஸே வெலகுதும்மா. காலி வண்டி ஏதும் வந்துறாம பாத்துக்க" என்றார். உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். அக்காள்மடத்தில் இருந்தார். அடுத்தது பாம்பன், அப்புறம் பாலம்தான்.

"அடப் போம்மா, நான் பாக்காத காத்தா? மாப்ள வீட்டுக்காரவுக வந்து வாசல்ல நிக்கவா?" கட் பண்ணிவிட்டார்.

ஜும்மா தொழுகைக்குப் போகும்போது காக்கா தன் போனை மேசை டிராயரில் வைத்துவிட்டுப் போவார். எடுத்தேன். அண்ணனுக்குப் போட்டேன். மூன்று முறை கனைத்தேன்.

"ஏலே முனியாண்டி! நிப்பாட்டு வண்டிய. நான் சொல்லாம டயரு உருண்டுச்சு, நாளைக்குச் சாவியக் குடுத்துட்டுப் போயிரு!"

"சரிங்க காக்கா." சிங்கம் மாதிரிப் பேசியவர் பூனைக்குட்டி மாதிரி அடங்கினார். வண்டி மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பியே நிறுத்துகிறேன் என்றும் சொன்னார்.

நான் உருண்டு சிரித்திருக்க வேண்டிய இடம் இது. சிரிப்பு வரவில்லை. ஒரு தகப்பனைப் பெண் பார்க்கிற நாளில் கட்டிப்போட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து டிராயருக்குள் போன் அதிர்ந்தது. அண்ணன்தான். காக்கா இன்னும் வரவில்லை. வேறு வழி? கனைத்தேன், ஒன்று, இரண்டு, மூன்று.

காற்று இரைச்சலுக்கு நடுவே மெதுவாக வந்தது அண்ணன் குரல்: "இருபது வருசமா வெள்ளிக்கிழமை இந்நேரம் போனத் தொடாத மனுசன், இன்னைக்கு மட்டும் எப்புடி எடுத்தாருன்னு இப்பத்தான் ஒறைக்குது, இங்கன டீக்கடை பாய் தொழுதுட்டு வந்து கடையத் தொறக்கையில. கழுத, நீதான? எனக்கு முன்னால போன காலி வண்டி பாலத்துக் கைப்பிடிச் சொவத்துல சாஞ்சு கெடக்காம். டிரைவர ஜன்னல் வழியா இழுத்து எடுத்திருக்காக... சரி, காத்து அடங்கட்டும். என் கொரலும் உனக்கு வரும்ல? மாப்ள வீட்டுக்குப் போனப் போட்டு, ஆறு மணிக்கு வரச் சொல்லு."

கச்சான் காற்றை யாராலும் நிறுத்த முடியாது; டிரைவரை நிறுத்தலாம், என்ன, சொந்தக் குரலில் முடியாது.