டீக்கறை பட்ட சீட்டு

என் பெரியம்மா ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். நீல மூடிக் கேன் துணி வெளுக்க, சிவப்பு மூடிக் கேன் அமிலம், துருக்கறை போக்க. அது தெரிந்தால் போதும் என்று காலம் ஓடியது. போன வருஷம் எல்லாக் கேனும் ஒரே வெள்ளையாக வரத் தொடங்கின. ஒட்டியிருந்த எழுத்து மட்டும்தான் வித்தியாசம். இரண்டையும் கலந்தால் கிளம்புகிற புகை ஆளையே கொன்றுவிடும். ஆறு மாதத்துக்குள் படிக்கக் கற்றுக்கொள்ளாதவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அதற்காக, வேலை முடிந்ததும் துணி மடிக்கிற மேஜையில் வகுப்பு நடந்தது. ஏழு பேர். டீச்சர் புத்தகம் எதையும் கொண்டுவரவில்லை. அட்டைப் பெட்டியை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதிச் சீட்டுகள் செய்திருந்தார். பகடை உருட்டிக் காய் நகர்த்த வேண்டும். இரண்டு சீட்டு எடுத்து வாசிக்க வேண்டும். அந்த இரண்டு சொல்லையும் வைத்து உடனே ஒரு கதை கட்ட வேண்டும்.

சீட்டை எடுத்ததும் சட்டென்று சொல்லிவிடும் பெரியம்மாதான் எப்போதும் ஜெயிப்பார். கதைக்கா பஞ்சம்? ஒருநாள் பெரியம்மாவுக்கு ‘வெந்நீர்’, ‘தொடாதே’ இரண்டும் வந்தன.

“எங்க வீட்டுக்காரர்கிட்ட, வெந்நீர் கொதிக்குது, தொடாதேன்னேன். கேட்டாரா மனுஷன்? அவரு ஓடி நான் பார்த்தது அன்னிக்கு ஒருநாள்தான்.”

மேஜையே குலுங்கியது. இஸ்திரி போடுகிற அக்கா, “ஏய் சாம்பியன், எங்களுக்கும் ஒரு ஆட்டம் விட்டுக்குடேன்!” என்றார். அந்தப் பெயரே நிலைத்தது.

சூப்பர்வைசர் வைக்கவிருந்த தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோது, டீச்சர் அழுக்கேறிய சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதி வந்தார். பெரியம்மா ஒன்றை எடுத்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

“என்ன சாம்பியன், கண்ணாடி வேணுமா?” என்றார் டீச்சர்.

“டீக்கறை பட்டது ‘அமிலம்’. மூலை கிழிஞ்சது ‘தொடாதே’. இதுல ஒண்ணுமே இல்லையே டீச்சர்.”

டீச்சர் பகடையைக் கீழே வைத்தார்.

“அப்போ இத்தனை நாளா நீங்க எழுத்தைப் பார்க்கவே இல்லையா?”

“பார்த்தவுடனே சொல்லணும்னீங்க. சொன்னேன். அதுதானே படிக்கிறது?”

அவர் ஏமாற்றவில்லை. அதைத்தான் படிப்பு என்று நம்பியிருந்தார்.

மீதி நாட்களில் ஆட்டம் இல்லை, வெறும் எழுத்துதான். சாப்பிடும்போதுகூடப் பெரியம்மா தட்டில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார். தனியாகக் கேட்டால் ‘அ’ வந்தது, ‘மி’ வந்தது. சேர்த்தால் ஓடிப்போனது.

தேர்வில் சூப்பர்வைசர் இரண்டு கேன்களை வைத்து, “அமிலம் எது?” என்றார். குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டியிருக்கலாம். பெரியம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, “தெரியலைங்க” என்றார்.

டீச்சர் குறுக்கே வந்தார். “தப்பு என்னோடதுங்க. ஒரே சீட்டையே வெச்சு விளையாட விட்டுட்டேன். இன்னும் ரெண்டு மாசம் குடுங்க.”

“மாத்தி ஊத்தினா பக்கத்துல நிக்கிறவங்களும் சேர்ந்து போவாங்க டீச்சர். தப்பு யாரோடதுன்னு அப்புறமா விசாரிக்கலாமா?”

“அவரு சொல்றது சரிதான் டீச்சர்” என்றார் பெரியம்மா. ரப்பர் கையுறைகளைக் கழற்றி, உள்ளும் புறமும் கழுவி, கொடியில் மாட்டிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு டீச்சர் எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தார். புதுச் சீட்டுக்கட்டும் கொண்டுவந்தார். பெரியம்மா கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் தடவை யாரும் வரவில்லை.