மூன்றாம் முறை பேசிய வேன்

1994 மே 11, புதன். வழக்கம்போல் ஆற்றில் குளித்து, பூசை முடித்து, இட்லி சாப்பிட்ட பிறகு வேனில் ஏறினேன். வளைகுடாவிலிருந்து வரும் தங்கை கணவரை அழைத்துவர, ஆழ்வார்திருநகரியிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நான் வேன் பேசுவது இது மூன்றாம் முறை. முந்தைய இரண்டு முறையும் அவர் வரவில்லை.

விமான நிலைய வெளிவாசலில், வேனருகே நானும் தங்கையும் நிற்கிறோம். வேனில் சன்னலோர இருக்கையில் அவருக்காகத் தங்கை புதுத்துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறாள். வழியெல்லாம் அதில் யாரையும் உட்கார விடவில்லை. விமானத்தில் வந்தவர்கள் பெட்டிகளோடு போய்விட்டார்கள். உள்ளே தரையைக் கூட்டத் தொடங்கிவிட்டார்கள்.

டிரைவர் இசக்கி என்னருகே வருகிறான்.

"வாசக் காவக்காரன் எனக்குச் சேக்காளியே ஆயிட்டான், அண்ணாச்சி. ஒங்க மாப்பிள்ளையத்தான் இன்னும் பாத்தபாடில்ல."

அவன் குரலைத் தாழ்த்துகிறான்.

"பாளையங்கோட்டைக்காரர் ஒருத்தர் வண்டியில்லாம நிக்காரு. அந்த ஒரு சீட்டு சும்மாதான கெடக்கு. ஏத்திக்கிடட்டுமா?"

கூடாது என்று சொல்ல வாயெடுக்கிறேன். அதற்குள் தங்கை வேன் சன்னல் வழியே கைவிட்டுத் துண்டை எடுத்து மடிக்கிறாள்.

"ஏத்திக்கிடச் சொல்லுங்கண்ணே. அவரு வரமாட்டாரு. போன தடவையே எனக்குத் தெரியும்."

"அப்ப துண்டு எதுக்குட்டி போட்டே?"

"நீங்க வேன் பேசிட்டு வந்து அவ்வளவு ஆசையாச் சொன்னிய. எப்படிண்ணே வேண்டாம்பேன்?"

மறுநாள் காலை முதல் வேலையாக, அவர் தங்குவதற்கென்று வெள்ளையடித்திருந்த அறைக்குள் நெல் மூட்டைகளைத் தூக்கி அடுக்கினேன். தங்கை மறுமுனையைப் பிடித்தாள்.