பிரேக்கு கல்லு மாதிரி இருக்குது

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பாகம் கெட்டு வந்தால் ‘ஏன், ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போய் மூலக் காரணத்தைப் பிடிப்பது என் வேலை. அதில் ஒரு விதி உண்டு. ஆப்பரேட்டரின் தவறு என்று எழுதி முடிக்கக் கூடாது. ஆளைச் சொல்வதற்கு முன் மெஷினைப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு இதை வகுப்பெடுப்பவன் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

எங்களிடம் ஒரு பழைய டர்போ டீசல் கார் இருக்கிறது. நான் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவேன். காரை என் மனைவி பாகலூர் பக்கம் அவள் வேலை பார்க்கும் அரசுப் பள்ளிக்கு ஓட்டிப் போவாள். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் வந்து சொன்னாள்.

“ஏங்க, பிரேக்கு கல்லு மாதிரி இருக்குது. ஏறி நின்னு மிதிச்சாத்தான் புடிக்குது.”

நான் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். காலுக்குக் கொஞ்சம் தெம்பு ஏத்து.”

அவளும் சிரித்தாள். மறுபடி சொன்னபோது தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தேன். என் கனத்துக்கும் அந்த வேகத்துக்கும் நின்றது. “எனக்குப் புடிக்குதே” என்றேன். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. சீட்டை முன்னால் இழுத்து, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டாள். காலையில் ராகிக் கஞ்சி குடித்தாள். மொட்டை மாடிப் படியில் ஏறி இறங்கினாள். மெடல் எப்போது வரும் என்று அதையும் கேலி செய்தேன்.

அப்போதுதான் அவளுக்குத் தலைமை ஆசிரியை பதவி உயர்வு வந்தது. இடம் ஜவளகிரி. தளி தாண்டி வளைவும் இறக்கமுமாகக் காட்டு ரோடு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

“அந்த ரோட்டுல யானை குறுக்க வந்தா என் கால நம்ப முடியாதுங்க.”

புத்திசாலித்தனமான முடிவு என்று பாராட்டினேன். பிறகு அவள் பாகலூருக்கே டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். கார் என் கைக்கு வந்தது.

சிப்காட் ரோட்டில் எனக்கு முன்னால் போன டிப்பர் லாரி சட்டென்று நின்றது. மிதித்தேன். கல். இரண்டு காலையும் வைத்து அழுத்தித்தான் நிறுத்தினேன். லாரிக்கும் எனக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அவள் மாதக்கணக்கில் இப்படித்தான் ஓட்டியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்தேன். பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சுவது ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும் ஒரு சின்ன பம்ப். குழாயைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போதே பம்ப்பின் வாயில் விரலை வைத்தேன். உறிஞ்சவே இல்லை. முதல் ‘ஏன்’னுக்கே பதில் கிடைத்துவிட்டது. இதைக் கேட்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. வீட்டில் யாரும் இல்லை. இருந்தும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்தப் பம்ப் இப்போது கடைகளில் வருவதில்லை. அடுத்த ஞாயிறு, பேட்டரியில் ஓடும் பம்ப்புக்கு மாற்றினேன். புதுக் குழாய், புது வயரிங். முடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

உட்கார்ந்தாள். பழக்கத்தில் முதுகைத் தலையணையில் முட்டுக்கொடுத்து, இடுப்பைத் தூக்கி மிதித்தாள். பெடல் மெத்தென்று இறங்கியது. மறுபடி, கட்டைவிரலால் மட்டும் அழுத்திப் பார்த்தாள்.

“அப்போ என் காலுக்கு ஒண்ணுமில்லையா?”

“இல்ல.”

“நான் சொன்னப்பவே இது போயிருந்துதா?”

“ஆமா.”

சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எழுதிக் குடுத்தத இனிமே திரும்ப வாங்க முடியாது, இல்லீங்க?”

பதவி உயர்வு விதி என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் குனிந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.