முள்படலும் மூன்று ஜனாதிபதிகளும்

எனக்கு எழுபத்தெட்டு வயசு. பெத்தது நாலு, நாத்தனார் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஏழு. படிப்பு மூணாம் வகுப்போடு சரி. ஆனாலும் அந்தக்கால அமெரிக்க ஜனாதிபதிகள் மூணு பேர் அயல்நாடுகளோடு எப்படி நடந்துகொண்டார்கள் என்று கேட்டால், ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பதில் சொல்ல நான் ஒருத்திதான்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது கூமாப்பட்டியில் இருந்தோம். எங்கள் வயலிலிருந்து வண்டி வெளியே வர ஒரே பாதை, பக்கத்துத் தோப்புக்கார அத்தையின் பாதை. போன அறுப்பில் எங்கள் வண்டி அவளுடைய தென்னங்கன்று இரண்டை நசுக்கிவிட்டது. அந்தக் கோபத்தில் இந்த வருசம் பாதையில் முள்படலைச் சாத்திவிட்டாள். அறுத்த கதிர் வயலில் கிடக்கிறது. மலைமேல் மேகம் கறுக்கிறது. நனைந்தால் வருசச் சோறு போச்சு.

காலேஜில் சரித்திரம் படித்த சித்தப்பா வழி சொன்னார். ஒரு ஜனாதிபதி பெரிய கம்பைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவாராம். அடுத்தவர் பட்டாளத்துக்குப் பதில் பணத்தை அனுப்பி வளைப்பாராம். மூன்றாமவர் நியாயம் எடுத்துச் சொல்வாராம். கம்பென்றால் போர்க்கப்பல் என்று சித்தப்பா விளக்குவதற்குள் பெரியப்பா கம்பு தேடப் போய்விட்டார்.

பெரியப்பா அன்றைக்குப் பேசியது போல மெதுவாக ஆயுசில் பேசியதில்லை. ஆனால் அத்தையின் நாய், நம்ம ராஜபாளையத்து வெள்ளை நாய், பேச்சைக் கேட்கவில்லை, கம்பைத்தான் பார்த்தது. ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார்.

பணம் கொடுத்தால் அத்தை மூஞ்சியில் எறிவாள் என்று அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கிவந்து கொடுத்தார். சாயங்காலமே ஒரு குலை இளநீர் வந்து இறங்கியது. “மொறைக்கு மொறை சரியாப் போச்சு” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

சித்தப்பா போய் செத்த நேரம் நியாயம் பேசினார். அத்தை கடைசிவரை கேட்டாள். “என்னமா பேசுறீக தம்பி! வக்கீலுக்குப் படிங்க” என்றாள். படல் அப்படியே இருந்தது.

மறுநாள் அம்மா ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போனாள்.

“மதினி, உறைமோர் தீந்துபோச்சு. ஒரு கரண்டி ஊத்துங்க.”

“யம்மா, நம்ம பானை நெறைய இருக்கே!” என்றேன் நான்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அத்தை அம்மாவைப் பார்த்தாள், அம்மா அத்தையைப் பார்த்தாள், இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

“அம்புட்டு ஆம்பளைகளும் வந்தாக. என் கன்னு ரெண்டு போச்சேன்னு ஒருத்தர் கேட்டாகளா?” என்றாள் அத்தை.

“கேக்கத்தான் வந்தேன் மதினி. எந்த எடத்துல?”

இருவரும் போய் அந்தக் குழிகளைப் பார்த்து நின்றார்கள். திரும்பும்போது அத்தையே படலை இழுத்துப்போட்டாள். கடைசி வண்டி வீட்டுக்கு வரவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது.

நான் உண்மையைச் சொன்னதால்தான் படல் திறந்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அம்மா மறுக்கவில்லை. வாங்கிவந்த கரண்டி மோரை, நிறைந்திருந்த பானையிலேயே ஊற்றினாள். “இருக்கும்போது எதுக்கும்மா?” என்று கேட்டதற்கு, “போடி, போயி வெளையாடு” என்றாள்.

ஏட்டி பேத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதினியே, இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. நாய் வருகிற இடத்தில் சத்தமா வாசி. எங்கம்மா ‘கேக்கத்தான் வந்தேன்’ என்கிற இடத்தில் மட்டும் மெதுவா.